நீள்வளையத்தில் சுற்றும் கருந்துளைகளுக்கு எந்த மொடலை எடுப்பது?

அக்காவின் மகள் இங்கே திருமலை வளாகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள், ஆய்வுக்கு ஈர்ப்பு அலையை, அதாவது இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி இணையும்போது வெளிவரும் அலையை, எடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிறு பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: "மாமா, எல்லாரும் வட்டம் எண்டு வச்சுத்தான் செய்யினம். வட்டம் இல்லாட்டி எந்த மொடலை எடுக்கிறது?" அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறைதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, அந்த அலையின் வடிவத்தைக் கணக்கிடும் மொடல்களை ஒவ்வொன்றாகப் பதிவிறக்கி, ஓட்டி, வரைந்து பார்த்துவிட்டோம். இதே கேள்வியோடு இருக்கிற வேறு பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். அவளிடம் இருப்பது 8 ஜிபி நினைவகமுள்ள ஒரு லப்டொப், நான்கு மாதம், வீட்டு இணையம். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில், கருந்துளைகள் சுற்றும் பாதையை ஏன் எல்லோரும் வட்டம் என்று வைத்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது சோம்பேறித்தனமில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு மரத்தில் கட்டுகிற ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். கீழே வரும்போதுதான் அது ஆக வேகமாகப் போகும், ஆட்டுவதை நிறுத்திவிட்டால் மேலே போகிற உயரம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அடிமட்டம் அப்படியே இருக்கும். நீண்ட நீள்வளையத்தில் சுற்றும் இரண்டு கருந்துளைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான்: ஒன்றையொன்று மிக அண்மையில் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பெரும்பாலான அலையை உமிழ்ந்து சக்தியை இழக்கின்றன, அதனால் தொலைப்புள்ளி உள்ளே வருகிறது, அண்மைப்புள்ளி பெரிதாக நகர்வதில்லை, பாதை மெல்ல மெல்ல வட்டமாகிவிடுகிறது. 1963இல் பீட்டர்ஸும் மத்தியூஸும், பிறகு 1964இல் பீட்டர்ஸ் தனியாகவும் இந்தக் கணக்கைச் செய்து வைத்தார்கள். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் மையவகற்சி, வட்டத்துக்கு அது 0. அது சிறியதாக இருக்கும் நிலையில், பாதையின் அளவு பாதியாகும்போது மையவகற்சி ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகிவிடும். அலையின் மீடிறன் 10 ஹேர்ட்ஸாக இருக்கும்போது 0.1 மையவகற்சி உள்ள ஒரு சோடி, 20 ஹேர்ட்ஸுக்கு வருவதற்குள் 0.05க்குக் கீழே போய்விடும். ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் அமெரிக்கக் கருவியான லைகோவின் தரவுகளை வழமையாக 20 ஹேர்ட்ஸ் அளவிலிருந்துதான் ஆராய்கிறார்கள். ஆகவே ஒன்றாகவே பிறந்து கோடிக்கணக்கான வருடம் சேர்ந்து சுற்றிய சோடி, நம் காதுக்கு எட்டும்போது வட்டமாகத்தான் இருக்கும்.

எல்லாச் சோடியும் அப்படிப் பிறப்பதில்லை என்பதுதான் விஷயம். கோளக விண்மீன் கொத்துகளில் நெரிசலுக்குள் திரிகிற கருந்துளைகள் மூன்று நான்கு சந்திக்கும்போது, இரண்டு திடீரென்று மிக நெருங்கிக் கடந்து பிடிபட்டுவிடலாம், வட்டமாவதற்கு நேரமே இருக்காது. கொத்துகளுக்குள் இப்படி நடக்கும் இணைவுகளில் ஏறத்தாழ 5 சதவீதம் 10 ஹேர்ட்ஸில் 0.1க்கு மேல் மையவகற்சியோடு வரும் என்று கணினி ஆய்வுகள் சொல்கின்றன. அப்படி உறுதியாக ஒன்றைக் கண்டாலே அந்தச் சோடி எங்கே பிறந்தது என்பது தெரிந்துவிடும். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிப்பு. ஒரு அலையின் நெளிவை வைத்து, பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் எப்படிச் சந்தித்தன என்று சொல்ல முடிகிறது!

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

வட்ட மொடலையே வைத்துக்கொள்வதும் ஒரு தெரிவுதான், அதையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அவை வேகமானவை, பல வருடமாகப் பரிசோதிக்கப்பட்டவை, சுழற்சியச்சு தள்ளாடுவதையும் கணக்கில் எடுக்கின்றன. ஆனால் நீள்வளையப் பாதை கூடுதல் சக்தியை இழக்கிறது: 0.1 மையவகற்சிக்கு வட்டத்தைவிட 7 சதவீதம் அளவு கூட, 0.3க்கு ஏறத்தாழ 1.8 மடங்கு, 0.6க்கு 10 மடங்கு, 0.9க்கு 1,200 மடங்குக்கும் மேல். அதாவது சோடி வேகமாகச் சுருங்குகிறது. வட்ட மொடலுக்கு இந்த வேகத்துக்கான காரணம் தெரியாது, அது 'இவை கொஞ்சம் பாரமான கருந்துளைகள்' என்று வாசித்துவிடும். பாரத்தில் பிழை வந்தால் பிறப்பிடம் பற்றிய முடிவும் பிழைத்துவிடும். இன்னும் மோசமானது, ஐன்ஸ்டைனின் கோட்பாட்டிலேயே பிழை இருப்பது போல ஒரு போலித் தோற்றமும் வரலாம்.

2019 மே 21ஆம் திகதி வந்த ஜி.டபிள்யூ.190521 என்ற ஈர்ப்பு அலையைப் பாருங்கள். முதல் அறிவிப்பின்படி ஏறத்தாழ 85, 66 சூரியத் திணிவுள்ள இரண்டு, சேர்ந்து 142. கேட்ட நேரம் வெறும் 0.1 விநாடி அளவு, நாலைந்து அலைவுதான். ஒரு குழு இதைச் சுழற்சியச்சு தள்ளாடும் வட்டச் சோடி என்கிறது, இன்னொன்று பெரிய மையவகற்சி என்கிறது, வேறொன்று இரண்டும் வழியில் சந்தித்துப் பிடிபட்டவை என்கிறது. அவ்வளவு குறுகிய சத்தத்தில் தள்ளாட்டமும் நீள்வளையமும் ஏறக்குறைய ஒரே சாயலில் தெரிகின்றன. ஆகவே வட்ட மொடல் மட்டும் கையில் இருப்பவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

இரண்டாவது தெரிவு, நீங்களே எழுதுவது. பீட்டர்ஸின் இரண்டு வகையீட்டுச் சமன்பாடுகள், ஒன்று பாதையின் அளவுக்கு, ஒன்று மையவகற்சிக்கு. பைதனில் ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். அதோடு நியூட்டன் பாதையைச் சேர்த்து, திணிவின் அசைவிலிருந்து அலையைக் கணிக்கும் நான்முனைச் சூத்திரத்தால் அதை வரைந்தால், வட்டத்தில் ஒரே சீராக ஏறும் அலை நீள்வளையத்தில் எப்படி இடைவெளிவிட்டு 'விசுக், விசுக்' என்று துடிப்புகளாக உடைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வட்டத்தில் பிரதானமாகச் சுற்று மீடிறனின் இரு மடங்கில் மட்டும் வருகிற அலை, இங்கே ஒரு மடங்கு, மூன்று, நான்கு, ஐந்து என்று பல மடங்குகளில் பிரிந்து வருவதும் தெரியும். இதைச் சரிபார்க்க ஒரு உண்மையான பொருளும் இருக்கிறது: 1974இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த துடிவிண்மீன் சோடி, மையவகற்சி 0.617, ஒரு சுற்றுக்கு 7.75 மணித்தியாலம். உங்கள் சமன்பாட்டில் அதைப் போட்டால் வட்டத்தைவிடச் சக்தி இழப்பு 12 மடங்குக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ அடுக்குக்குறியைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆனால் இதை வைத்து ஆய்வு முடிவு எதுவும் சொல்லக்கூடாது. இதில் பாதையின் அச்சுத் திரும்பல் இல்லை. அந்தத் துடிவிண்மீன் சோடியிலேயே அது வருடத்துக்கு 4.2 பாகை, கருந்துளைகள் முட்டப்போகும் நேரத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் கணிசமாகத் திரும்பும். இணைவும் இதில் இல்லை. இதை ஒரு வாரம் செய்யுங்கள், விளங்கிக்கொள்ளச் செய்யுங்கள், பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

அடுத்தது நியூட்டனிலிருந்து தொடங்கி, கதியை ஒளியின் கதியோடு ஒப்பிட்டு ஒவ்வொரு படியாகத் திருத்தம் சேர்க்கும் வழி, பின்-நியூட்டன் விரிவு. இதில் நம் பக்கத்து ஆட்கள் செய்த வேலை நிறைய. நீள்வளையப் பாதையை மூன்றாம் படி வரை எழுதிய 2004ஆம் ஆண்டுக் கட்டுரையில் மும்பை டாட்டா நிறுவனத்தின் கோபகுமார் இருக்கிறார், அந்தப் பாதையிலிருந்து வெளியேறும் சக்தியை அதே படிக்குக் கணக்கிட்டவர்களில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் அருண் இருக்கிறார். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தக் கணக்குகளைச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னபோது பிள்ளையின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

இந்த வழியில் வந்த மொடல்கள் லைகோவின் மென்பொருள் தொகுப்பிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. டெய்லர்-எஃப்2-எக் என்பது மீடிறன் வடிவில் நேரடிச் சூத்திரம், அதனால் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடும், எந்தப் பழைய லப்டொப்பிலும் ஓடும். குறை என்னவென்றால் மையவகற்சி சிறியதாக இருக்கிற இடத்துக்கு மட்டுமே அது எழுதப்பட்டது, சுருண்டு நெருங்கும் கட்டத்தோடு நின்றுவிடும், இணைவும் அதன் பிறகு கோயில் மணி போல அடங்கும் கட்டமும் அதில் கிடையாது. எக்சென்ரிக்-எஃப்.டி. கொஞ்சம் பெரிய மையவகற்சிக்குப் போகும், ஆனால் அதுவும் இணைவு வரை போகாது. நியூத்திரன் விண்மீன் சோடிகளை ஆராய்கிறவர் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுக்கச் சொல்லுவேன், ஏனென்றால் அவை பல பத்து விநாடிகள் கேட்கும், அவற்றின் இணைவு லைகோவின் நல்ல காதுக்கு மேலே, ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு அப்பால்தான் நடக்கும், சுருளும் கட்டம் மட்டும் போதும். பாரமான கருந்துளைகளுக்கு இது கைகொடுக்காது. 150 சூரியத் திணிவுச் சோடிக்கு இணைவுதான் நாம் கேட்கிற மொத்தக் கதையுமே, அதை வெட்டிவிட்டு என்னத்தை ஆராய்வது?

அதோடு இன்னொரு உள்குறையும் உண்டு. அண்மைப்புள்ளியில் கதி சட்டென்று கூடுகிறது, ஒளியின் கதியில் மூன்றிலொன்று, பாதி என்று போகும்போது படிப்படியான திருத்தம் என்ற யோசனையே தளர்ந்துவிடுகிறது. நீள்வளையம் கூடக்கூட, அலை பிறக்கும் அந்த முக்கியமான நொடியில்தான் சூத்திரம் ஆகப் பலவீனமாக நிற்கிறது.

இப்போது ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை நேரடியாகக் கணினியில் தீர்ப்பது. 2005இல் பிரிட்டோரியஸ் முதன்முதலாக இரண்டு கருந்துளைகளை இணைவு வரை ஓட்டிக் காட்டினார். உண்மைக்கு இதைவிட நெருக்கமாக வேறெதுவும் இல்லை. ஆனால் ஒரு ஓட்டத்துக்கு மீக்கணினியில் வாரக்கணக்கு. அந்தத் தெரிவை லப்டொப்பில் யோசிக்கவே வேண்டாம். ஓட்டி முடித்தவற்றை எடுத்துப் பார்க்கலாம், அதைத் தவறவிட வேண்டாம். எஸ்.எக்ஸ்.எஸ். கூட்டமைப்பின் பட்டியலில் 1355 முதல் 1374 வரையான எண்களில் சுழற்சியில்லாத, திணிவு விகிதம் 1, 2, 3 உள்ள நீள்வளைய ஓட்டங்கள் இருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் சிலவற்றை ஓர் இரவு இறக்கிவைத்தோம். எந்த மொடலை எடுத்தாலும் அதை இவற்றின் மேல் வைத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. அந்த ஓட்டங்களைச் செய்தவர்கள் கண்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: தொடக்கத்தில் 0.2 வரை மையவகற்சி இருந்தாலும், முட்டுவதற்குச் சற்று முன்பிருந்து அலை வட்டச் சோடியினுடையது போலவே ஆகிவிடுகிறது. தான் எந்தப் பாதையில் வந்தது என்பதைக் கடைசிக் கணத்தில் மறந்துவிடுகிறது.

இந்த ஓட்டங்களுக்கு இடையே கோடு போட்டு நிரப்பும் மொடல்களும் உண்டு. மிகத் துல்லியம், மிக வேகம். ஆனால் பயிற்றப்பட்ட எல்லைக்குள் மட்டும்தான். நீள்வளையத்துக்கு முதலில் வந்தது, சம திணிவு, சுழற்சியில்லை, சிறிய மையவகற்சி என்ற ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடுகிறது. பிள்ளையின் கேள்வி அந்த அறைக்கு வெளியே இருந்தது, அதனால் விட்டோம்.

மிச்சம் இருப்பதுதான் நாங்கள் எடுத்தது. 1999இல் புவோனன்னோவும் தமூரும் முன்வைத்த யோசனை: இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுவதை, சற்றே உருமாறிய ஒரே கருந்துளையைச் சுற்றி ஒரு சிறு உடல் ஓடுவதாக மாற்றி எழுதுவது. ஈ.ஓ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பின்-நியூட்டன் திருத்தங்கள் எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டு, முட்டும் வரைக்கும் உடையாமல் ஓடும்படி அடுக்கி, கடைசியில் நேரடித் தீர்வுகளைப் பார்த்துச் சரிசெய்த இணைவையும் ஒட்டிவிடுகிறது. நீள்வளையத்துக்கு இதில் இரண்டு குடும்பங்கள் முக்கியம். ஒன்று எஸ்.இ.ஓ.பி.என்.ஆர்.வி5-இ.எச்.எம்., பைதனிலேயே நிறுவலாம். மற்றது ரி.ஈ.ஓ.பி.-ரெசம்-எஸ் டாலி, இது நீள்வளையத்தோடு நிற்காமல் வழியில் சந்தித்துப் பிடிபடும் திறந்த பாதைகளையும் ஓட்டும். ஜி.டபிள்யூ.190521ஐ 'பிடிபட்டவை' என்று வாசித்த குழு இந்தக் குடும்பத்தைத்தான் பயன்படுத்தியது. எஸிக்மா என்று இன்னொன்றும் இருக்கிறது, பெங்களூரிலும் சென்னை ஐ.ஐ.ரி.யிலும் இருந்து வந்தது, சுருளும் கட்டத்துக்குப் பின்-நியூட்டனையும் இணைவுக்கு நேரடித் தீர்வுகளிலிருந்து பெற்றதையும் தைத்தது. ஒரு நல்ல நடுவழி.

குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. நாங்கள் எடுத்த வி5-இ.எச்.எம்.இல் சுழற்சியச்சு பாதைக்குச் செங்குத்தாகவே நிற்க வேண்டும், தள்ளாட்டம் இல்லை. அப்படியானால் 'தள்ளாட்டமா நீள்வளையமா' என்ற கேள்விக்கு முழுப் பதில் இதனால் மட்டும் சொல்ல முடியாது. அதோடு ஒட்டிய இணைவு வட்டச் சோடியினுடையது, ஆகவே பெரிய மையவகற்சியோடு நேரே போய் முட்டுகிற சோடிக்கு அது எவ்வளவு சரி என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட வேண்டும்.

வேகம்? பாரமான கருந்துளைகளுக்கு ஒரு அலைவடிவம் அரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைத் தரவிலிருந்து திணிவு, தூரம், மையவகற்சி எல்லாவற்றையும் கணிக்கப் பத்து இலட்சம் அலைவடிவம் சாதாரணமாக வேண்டும். ஐந்து இலட்சம் விநாடி, கிட்டத்தட்ட ஆறு நாள், இடையில் மழைக்காலத்தில் கரண்ட் ஒருதடவை போனால் திரும்ப முதலிலிருந்து. ஆகவே அந்த வகை ஆய்வை விட்டுவிட்டு, கேள்வியைச் சுருக்கினோம்: நீள்வளைய அலை ஒன்றைச் செய்து, அதற்கு ஆக நன்றாகப் பொருந்துகிற வட்ட அலையைத் தேடி, எவ்வளவு பொருந்தாமல் மிஞ்சுகிறது என்று அளப்பது. பத்தாயிரம் அலைவடிவம் போதும், ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிகிறது. பொருத்தம் (முழுதாகப் பொருந்தினால் 1) 0.97க்குக் கீழே போனால் கேட்கக்கூடிய தூரம் 3 சதவீதம் குறையும், கனவளவில் அது 9 சதவீதம், அதாவது நூறு நிகழ்வில் ஒன்பது கைநழுவும். எந்த மையவகற்சியிலிருந்து அப்படி ஆகிறது, திணிவோடு அது எப்படி மாறுகிறது என்பதே இப்போது அவளுடைய ஆய்வு. நான்கு மாதத்துக்கு அளவான, உண்மையிலேயே பயனுள்ள கேள்வி.

இனிச் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து கடந்து போகாதீர்கள், இதில்தான் எங்களுக்கு இரண்டு வாரம் போனது. வி5-இ.எச்.எம்., டாலி என்ற இரண்டு மொடல்களிலும் மையவகற்சி 0.2, 20 ஹேர்ட்ஸ் என்று கொடுத்தோம், வந்த அலைகள் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. நிறுவியதில் பிழை என்று நினைத்து அழித்துத் திரும்ப நிறுவினோம், அலகுகளைச் சரிபார்த்தோம். கடைசியில் பார்த்தால் பிழை ஒன்றும் இல்லை, இரண்டு மொடலும் 'மையவகற்சி' என்று சொல்வது ஒன்றையல்ல. பொதுச் சார்பியலில் பாதை மூடிய நீள்வளையமே இல்லை, அதனால் அந்த எண்ணுக்கு ஒரே வரைவிலக்கணம் இல்லை, ஒவ்வொருவரும் தங்கள் சமன்பாட்டுக்கு வசதியானதை எடுத்திருக்கிறார்கள். 20 ஹேர்ட்ஸ் என்பதும் அப்படித்தான்: ஒரு சுற்றின் சராசரி மீடிறனா, அந்தக் கணத்து மீடிறனா? சுற்றின் எந்த இடத்தில் தொடங்குகிறது, அண்மைப்புள்ளியா தொலைப்புள்ளியா? இதெல்லாம் வட்டத்தில் எழவே எழாத கேள்விகள்.

வழி இருக்கிறது. கொடுத்த எண்ணை மறந்துவிட்டு, வந்த அலையிலிருந்தே அளக்க வேண்டும். அண்மைப்புள்ளியில் சுற்று மீடிறன் உச்சம், தொலைப்புள்ளியில் தாழ்வு. இரண்டின் வர்க்கமூலங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். உச்சம் 36, தாழ்வு 16 என்றால் 6இலிருந்து 4 போக 2, கூட்டினால் 10, மையவகற்சி 0.2. நியூட்டன் பாதைக்கு இது சரியாகப் பொருந்தும். அலையின் மீடிறனிலிருந்து அளக்கும்போது இன்னொரு சிறு திருத்தம் தேவை, அதையும் சேர்த்துச் செய்துதரும் ஜி.டபிள்யூ.-எக்சென்ரிசிட்டி என்ற பைதன் பொதி 2023இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதால் அளந்து, ஒரே அளவுள்ள அலைகளை எடுத்து, தொடக்க இடத்தையும் பொருத்திய பிறகு எங்கள் இரண்டு மொடலும் அழகாக ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. அன்றிரவு பத்து மணிக்கு அவள் அந்தப் படத்தை எனக்கு அனுப்பியபோது நான் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பிவிட்டேன்.

ஒரு பாரிய கருந்துளையைச் சுற்றி இலட்சம் மடங்கு சிறிய ஒன்று சுற்றும் சோடிகளை எடுக்க விரும்புகிறவர்களுக்கு வழி வேறு. அவை 2035இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் லிசா என்ற விண்வெளி ஈர்ப்பு அலைக் கருவிக்கு உரியவை, அங்கே நீள்வளையம் விதிவிலக்கே இல்லை, வழமை. அதற்கென்று ஃபாஸ்ட்-எம்ரி என்ற தனிப் பொதி இருக்கிறது, மேலே சொன்ன எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஆகவே பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: முதல் வாரம் பீட்டர்ஸ், கையால். அதன் பிறகு வி5-இ.எச்.எம். பிரதான மொடல். டாலி சாட்சி மொடல், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை முடிவில் மறைக்காமல் எழுத வேண்டும். எஸ்.எக்ஸ்.எஸ். ஓட்டங்கள் நடுவர். அலையிலிருந்து அளந்த மையவகற்சியைத் தவிர வேறெதையும் அட்டவணையில் போடக்கூடாது. இப்போது 40 சூரியத் திணிவிலிருந்து 160 வரை, மையவகற்சி 0.05இலிருந்து 0.4 வரை கட்டம் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நூறு அலைவடிவத்துக்கு ஒருதடவை கோப்பில் சேமிக்கும்படி எழுதியிருக்கிறோம், வாடைக்காற்று தொடங்கமுன் 0.4 வரிசையை முடித்துவிட வேண்டும்.